விழுந்தால் பந்தை விட வேண்டும்

மகள் பந்தோடு நிலத்தில் விழுந்தாள். விழுந்தவள் எழும்பவில்லை. முழங்கால்களை வயிற்றோடு மடக்கி, பந்தை நெஞ்சுக்குள் புதைத்து, ஒரு கையால் பிடரியைப் பொத்திக்கொண்டு சுருண்டு கிடந்தாள். அவளைச் சுற்றிப் பூட்ஸ் கால்கள் குவிந்தன. ஒருத்தி அவளுடைய இடுப்புக்கு மேலால் குனிந்து பந்தைப் பிடித்து இழுத்தாள். மகள் விடவில்லை. இன்னும் இறுகச் சுருண்டாள்.

விசில் அடித்தது. பயிற்சி கொடுக்கும் சேர் கையை மற்றப் பக்கத்துக்கு நீட்டினார்.

"பெனல்டி. பந்த விடல்ல."

அது பயிற்சி ஆட்டம்தான். இரண்டு பக்கமும் ஒரே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். நான் ஓர்ஸ் ஹில்லில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை செய்கிறேன். சனிக்கிழமை அரைநாள் வேலையை முடித்து, மகளைக் கூட்டிப் போக வந்து, மைதானத்தின் கோட்டுக்கு வெளியே நின்றேன். எனக்குப் பக்கத்தில் கிண்ணியாவிலிருந்து வரும் ஓர் அக்கா நின்றா. அவவின் மகள்தான் அணித்தலைவி.

"தங்கச்சி, ஒங்கட மகள் திரும்பவும் அடைக்குப் படுத்துட்டா," என்றா அக்கா.

"என்ன அடை?"

"அடைக்கோழி. புள்ளைகள் அவவுக்கு வெச்ச பேரு. பந்துல படுத்தா எழும்பவே மாட்டாவாம். குஞ்சு பொரிச்சாத்தான் எழும்புவாவாம்." சொல்லிவிட்டு அவவே சிரித்தா. பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினா. "கோவிக்காதீங்க. விளையாட்டுக்குத்தான்."

நான் கோபிக்கவில்லை. அப்படிச் சுருண்டு படுக்கச் சொல்லிக் கொடுத்தவள் நான்.

மகள் ஒன்பதாம் தரம். உயரமான பிள்ளை. வலைப்பந்தாட்டத்துக்குப் போனவளை, கடந்த வருடம் புதிதாகப் பெண்பிள்ளைகளின் றக்பி அணி சேர்த்த சேர் பிடித்துக்கொண்டார். என்னிடம் கேட்டபோது, ஓடுகிற விளையாட்டுத்தானே என்று ஓம் சொல்லிவிட்டேன். "எல்லே மாதிரி, பந்தை அடிச்சிட்டு ஓடுற விளையாட்டெண்டு நினைச்சு ஓம் எண்டுட்டீர்," என்று என் கணவர் இன்றும் சொல்லிச் சிரிப்பார். முதல் மாதம் அவர்கள் இடுப்பில் துணிப்பட்டி கட்டி, அதைப் பறித்து விளையாடினார்கள். அதற்குப் பிறகுதான் டக்கிள் தொடங்கியது. அதாவது பந்தோடு ஓடுகிறவளைப் பிடித்து நிலத்தில் விழுத்துவது. அன்று மகள் முழங்கையில் தோல் உரிந்து வந்தாள். மருந்து போடும்போது கேட்டேன், விழுந்த பிறகு என்ன செய்கிறாய் என்று. ஒன்றும் செய்யவில்லை, விழுந்து கிடந்தேன் என்றாள்.

அன்றிரவே அறையில் மெத்தையில் படுக்க வைத்துக் காட்டிக் கொடுத்தேன். "விழுந்தா உடன எழும்பாதை. சுருண்டு படு. தலையைப் பொத்து. கையில இருக்கிறதை விடாதை. எல்லாரும் போகும் மட்டும் அசையாதை." எனக்கு அது யோசித்துச் சொன்ன புத்திமதியாகவே தெரியவில்லை. யாரும் யாருக்கும் சொல்லக்கூடியது, எல்லோருக்கும் தெரிந்தது என்றே நினைத்தேன்.

பயிற்சி முடிந்ததும் சேர் என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். மகள் அவருக்குப் பக்கத்தில் நின்று, கால் விரலால் புல்லைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"வாற சனிக்கிழமை வெளி டீமோட மெச் இருக்கி," என்றார் சேர். "உங்கட மகள எனக்குத் தேவை. நல்லா ஓடுறா, பயமில்லாமப் பிடிக்கிறா. ஆனா இப்பிடி விழுந்து படுத்தால் நான் இறக்க மாட்டன்."

"பெனல்டி குடுக்கிறதாலயோ, சேர்?"

"பெனல்டி போனாப் போகட்டும் மிஸ். கழுத்து போயிரும்." அவர் பந்தை நிலத்தில் வைத்துக் காட்டினார். "விழுந்த புள்ளைக்குப் பந்து சொந்தமில்ல. விழுந்த உடன விடணும். கைய நீட்டித் தன்ட பக்கமா வெக்கணும். விழுத்தின புள்ளயும் இவவ விட்டுட்டு உருண்டு விலகணும். பிறகு வாற ஆக்கள் எல்லாம் கால்ல நிண்டுதான் பந்த எடுக்கணும். படுத்துக்கிட்டு ஒருத்தரும் பந்தத் தொட ஏலாது."

"விழுந்த பிள்ளையைக் காப்பாத்திற சட்டம் ஒண்டும் இல்லையோ?"

"இதுதானே அது!" என்றார். "பந்து அவட கையில இல்லையெண்டா, அவட மேல ஒருத்தருக்கும் வேலை இல்ல. பந்து அவட வயித்துக்க இருந்தா, எல்லாரும் அவட வயித்துக்குத்தான் வருவாங்க."

சேர் மகளிடம் திரும்பினார்.

"புள்ள, இத ஆரு சொல்லித் தந்த? நான் சொல்லித் தரல்லயே."

மகள் நிமிரவில்லை. "ஒருத்தரும் இல்லை, சேர்."

நான் ஒரு மூச்சு தாமதித்தேன். அந்த ஒரு மூச்சை நினைத்தால் இப்போதும் எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது. பிறகு, "நான்தான் சொல்லிக் குடுத்தனான்," என்றேன். மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். சேர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அப்பிடியெண்டா நீங்களே மாத்திக் குடுங்க," என்றார். "வெள்ளிக்கிழமை நான் பாப்பன். சுருண்டாவெண்டா, இல்ல."

லிங்கநகர் வீட்டுக்கு இருவரும் முச்சக்கர வண்டியில் திரும்பினோம். என் தலைக்குள் ஒரே ஒரு எண்ணம் ஓடியது, அது நல்ல எண்ணம் இல்லை. நான் ஒன்றும் செய்யாமல் இருந்தால் போதும். வெள்ளிக்கிழமை அவள் பழக்கத்தில் சுருண்டு படுப்பாள். சேர் அவளை இறக்க மாட்டார். அவளுடைய கழுத்தும் முதுகும் பிழைக்கும். நான் எதையும் தடுத்ததாக இருக்காது. அலுவலகத்தில் நாள் முழுக்க விபத்துக் கோரிக்கைகளைப் பார்க்கிறவள் நான். எலும்பு எப்படி உடைகிறது என்று எனக்குத் தெரிய வேண்டிய அளவைவிடக் கூடத் தெரியும். ஆனால், 'எனக்குத் தேவை' என்று சேர் சொன்னபோது மகளுடைய முகம் இருந்த விதத்தையும் நான் பார்த்துவிட்டேன்.

வீட்டில் கணவரிடம் சொன்னேன். அவர் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

"சிம்பிள்தானே. எழும்பச் சொல்லும், எழும்புவாள்."

"உங்களுக்கு எல்லாம் சிம்பிள்."

"பின்ன? நீர் சொன்னதாலதானே படுத்தவள். நீர் சொன்னா எழும்புவாள்." கொஞ்ச நேரம் துருவினார். "இல்லாட்டி விடுமன். அவளுக்கு மெச் இல்லை, உமக்கு நித்திரை வரும்."

நான் மனதுக்குள் வைத்திருந்ததை இன்னொருவர் வாயால் கேட்டபோது அது மிகவும் சின்னத்தனமாக இருந்தது. சட்டியைக் கழுவினேன். கழுவிய சட்டியையே திரும்பவும் கழுவினேன்.

ஞாயிறு பின்னேரம் மகள் பந்தோடு வந்து என் முன்னால் நின்றாள். பள்ளிக்கூடத்துப் பந்து. முதல் நாளே சேரிடம் கேட்டு வாங்கிப் பையில் வைத்திருந்தாள்.

"அம்மா, எனக்குச் சட்டம் விளங்குது. சேர் சொன்ன உடனயே விளங்கினது. விழுந்த உடன உடம்பு தன்ர பாட்டில சுருளுது. நான் என்ன செய்ய?"

"மெத்தையில பழகுவம்."

"மெத்தையில பழகித்தானே இப்பிடி வந்தது. வெளியில வாங்கோ."

வீட்டுக்குப் பின்னால் மணல். கிணற்றடியிலிருந்து மதில் வரைக்கும் சும்மா கிடக்கும் இடம். முதலில் அவள் பந்தோடு ஓடி வருவது, நான் பிடிப்பது என்று தொடங்கினோம். நான் பிடிக்கவே இல்லை. தோளில் கை வைத்து, மெதுவாக இருக்க வைப்பதுபோல் விட்டேன். அவளுக்கு எரிச்சல் வந்தது.

"இப்பிடி விழுந்தா ஆருக்கும் சுருளாது. நீங்கள் பந்தைப் பிடியுங்கோ. நான் உங்களை விழுத்திறன். எனக்கு வெளியால நிண்டு பார்க்கோணும், எங்க பிழைக்குது எண்டு."

"எனக்கு என்னத்துக்கு?"

"சொல்லித் தந்த ஆள் நீங்கள்தானே!"

சுரிதாரின் துப்பட்டாவைக் கழற்றிக் கிணற்றுக் கட்டில் வைத்துவிட்டுப் பந்தை வாங்கினேன். ஓடினேன். அவள் பக்கவாட்டில் வந்து என் தொடைகளைக் கட்டிப் பிடித்தாள். நான் எதிர்பார்த்ததைவிடப் பலம். நிலம் வந்து தோளில் அடித்தது.

மணல் வாசம் மூக்குக்குள் ஏறியது. அதற்குப் பிறகு நான் ஒன்றும் செய்யவில்லை, என் உடம்புதான் செய்தது. முழங்கால் மடிந்தது. பந்து வயிற்றுக்குள் போனது. ஒரு கை பிடரிக்குப் போனது. கண் மூடிக்கொண்டது.

"அம்மா, விடுங்கோ!"

கேட்டது. விட முடியவில்லை.

"பெனல்டி!" என்று குசினி வாசலிலிருந்து கணவர் கத்தினார். நாக்கை மடித்து விசிலும் அடித்தார்.

நான் பிறந்து வளர்ந்தது ஈச்சிலம்பற்றில். அங்கே நாங்கள் சிறுபிள்ளைகளாக இருந்தபோது, யுத்தத்தில் ஷெல் குண்டுகள் விழுகிற நாட்கள் இருந்தன. ஓடிப் போகும்போது வீட்டில் ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு பொருளைப் பொறுப்புக் கொடுப்பார்கள். என் பொறுப்பு அரிசிப் பை. சத்தம் கேட்டால் விழு. பையை வயிற்றுக்குள் வை. தலையைப் பொத்து. நாங்கள் சொல்லும்வரை எழும்பாதே, பையை விடாதே. அப்பா இதைத் திரும்பத் திரும்பச் சொல்லி, முற்றத்தில் விழுந்து பழக்கியும் இருக்கிறார். அது எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்த விஷயம் என்றுதான் நான் மெத்தையில் வைத்து மகளுக்குக் காட்டியபோதும் நினைத்தேன். எங்கே பழகியது என்று அப்போது ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. மணலில் முகத்தை வைத்துக் கிடந்தபோதுதான் யோசித்தேன்.

மகள் எனக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்தாள். "அம்மா? நொந்ததோ?"

"இல்லை. பொறு."

கையைத்தான் முதலில் அசைக்க முடிந்தது. பிடரியிலிருந்த கையை எடுத்தேன். பிறகு பந்தை வயிற்றிலிருந்து வெளியே தள்ளினேன். அது கொஞ்ச தூரம் போய் நின்றது. முதுகு வெறுமையாக, காற்றுப்படுகிற மாதிரி இருந்தது. யாரோ மேலே விழப்போகிறார்கள் என்றே தோன்றியது. நான் மற்றப் பக்கம் உருண்டேன்.

"பிந்திட்டுது," என்றாள் மகள். "ஆனா இப்ப எனக்கு விளங்குது. நீங்கள் விழ முதலே பந்தை இறுக்கிறீங்கள். விழேக்கயே கை போகோணும். விழுந்த பிறகு யோசிச்சா ஏலாது."

திரும்பவும் ஓடினேன். திரும்பவும் விழுந்தேன். பிறகு அவள் ஓட நான் பிடித்தேன், இந்த முறை உண்மையாகவே பிடித்தேன். அவள் விழும்போதே கை நீண்டது, பந்து பின்னால் போனது. சில தடவை சுருண்டாள். சுருண்டால் கணவர் விசில் அடித்தார், நான் "விடு" என்று கத்தினேன். அவளுக்குக் கத்துகிறேனா எனக்கா என்று தெரியாத கத்தல். மதிலுக்கு அப்பால் பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "என்ன பிள்ளை, சண்டையோ?" என்று கேட்டுவிட்டுப் போனா. அந்தக் கிழமை முழுக்கப் பின்னேரங்களில் விழுந்தோம். அலுவலகத்தில் கதிரையை விட்டு எழும்பும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழும்பினேன். கேட்டவர்களிடம் வழுக்கி விழுந்ததாகச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை பயிற்சியிலிருந்து வந்தவள், "இறக்குவாராம்," என்று மட்டும் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள். நான் அலுமாரியைத் திறந்து, என்ன எடுக்கத் திறந்தேன் என்று மறந்து நின்றேன். இந்தக் கிழமை முழுக்க நான் செய்தது சரிதானா? பாதுகாப்பான ஒரு பழக்கத்தை அவளிடமிருந்து பறித்துவிட்டேனா? சேர் சொன்னது இந்த விளையாட்டுக்குச் சரி. வேறு எங்காவது அவள் விழுந்தால்?

ஆட்டத்தன்று துறைமுகப் பக்கமிருந்து காற்று அடித்தது. காலையில் மைதானத்தில் வழக்கமாக மேயும் மான்களைத் துரத்திவிட்டுத்தான் கோடு கீறியிருந்தார்கள். பக்கத்துக்கு ஏழு பேர். வந்த அணிப் பிள்ளைகள் எங்கள் பிள்ளைகளைவிடப் பாரமானவர்கள். நான் மகளுடைய தண்ணீர்ப் போத்தலை வைத்துக்கொண்டு, கோட்டுக்கு வெளியே கிண்ணியா அக்காவோடு நின்றேன். கணவருக்கு அன்று வேலை.

முதல் பாதியில் மகள் இரண்டு தரம் விழுந்தாள். இரண்டு தரமும் பந்தை விட்டாள். நான் மூச்சு விட்டேன். "கோழி எழும்பிட்டு," என்றா அக்கா. நான்கூடச் சிரித்தேன்.

இரண்டாம் பாதி முடியப் போகும் நேரம் இரண்டு பக்கமும் புள்ளிகள் சமமாக இருந்தன. மற்ற அணி எங்கள் எல்லைக் கோட்டுக்கு மிகக் கிட்ட வந்துவிட்டது. அவர்களில் ஒருத்தியின் கையிலிருந்து பந்து நழுவி உருண்டது. மகள் பாய்ந்து எடுத்தாள். இரண்டடி ஓடியிருப்பாள். பாரமான ஒரு பிள்ளை அவளை இடுப்போடு பிடித்து விழுத்தினாள். உடனே மற்றவர்கள் வந்தார்கள். எங்கள் பிள்ளைகள் ஒரு பக்கம், அவர்கள் மறுபக்கம், தோளோடு தோள் முட்டித் தள்ளினார்கள். அந்தக் குவியலுக்கு அடியில் மகள் இருந்தாள்.

எனக்குப் பூட்ஸின் அடிகள் மட்டுமே தெரிந்தன. அவை மண்ணைக் கிளறித் தள்ளின. அவளுடைய தலை எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. இந்த இடத்தில் பந்தை விடாவிட்டால் பெனல்டி, அந்தப் பெனல்டியில் ஆட்டம் போய்விடும். அது எனக்குத் தெரியும், ஆனால் எனக்கு அது தேவைப்படவில்லை. பந்து வயிற்றுக்குள் இருந்தால் எல்லோரும் வயிற்றுக்குத்தான் வருவார்கள் என்று சேர் சொன்னதுதான் காதுக்குள் நின்றது. விடு, விடு. துறைமுகத்தில் ஒரு கப்பல் நீளமாக ஊதியது.

குவியலின் பின்பக்கம், இரண்டு கால்களுக்கு நடுவில், ஒரு கை வெளியே வந்தது. அதற்கு முன்னால் பந்து இருந்தது. கை பந்தை விட்டுவிட்டுப் பின்வாங்கியது. அணித்தலைவி குனிந்து பந்தை எடுத்து, திரும்பி, கோட்டுக்கு வெளியே உதைத்தாள். நேரம் முடிந்திருந்தது, விசில் நீளமாக அடித்தது. ஆட்டம் முடிந்தது. சமநிலை.

குவியல் கலைந்தது. மகள் எழும்பவில்லை. மல்லாக்கக் கிடந்தாள். சேர் ஓடினார். நடுவர் குனிந்து ஏதோ கேட்டார். மகள் ஒரு கையைத் தூக்கிக் காட்டினாள், மூச்சு அடைத்துவிட்டது என்பதுபோல் நெஞ்சைத் தட்டினாள். பிறகு உருண்டு, முழங்காலில் நின்று, எழும்பினாள். கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். சேர் தோளைத் தட்டிவிட்டார்.

இதையெல்லாம் நான் மிகவும் தாழ்வாக இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கிண்ணியா அக்கா எனக்கு மேலால் குனிந்து என் தோளைப் பிடித்திருந்தா.

"தங்கச்சி, எழும்புங்க. முடிஞ்சிட்டு. புள்ள நிக்கிறா, பாருங்க."

நான் புல்லில் குந்தியிருந்தேன். முழங்கால்கள் வயிற்றோடு. ஒரு கை பிடரியில். எப்போது குந்தினேன் என்று எனக்குத் தெரியாது. குவியல் விழுந்த உடனே என்று அக்கா பிறகு சொன்னா. சுற்றியிருந்தவர்கள் பார்த்திருப்பார்கள். அக்கா யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை, சிரிக்கவும் இல்லை. தன் சால்வையை இழுத்து எனக்கு மறைப்பாக நின்றிருந்தா.

மகள் நேராக எங்களிடம் வந்தாள். தோளில் பூட்ஸ் உரசிய சிவப்பு. பல்லிலெல்லாம் மண்.

"அம்மா, கண்டனீங்களோ? விழேக்கயே கை போனது."

"கண்டனான்."

"தண்ணி தாங்கோ."

போத்தல் என் வயிற்றுக்கும் தொடைக்கும் நடுவில் இருந்தது. எடுத்து நீட்டினேன். அவள் பிடித்து இழுத்தாள், வரவில்லை. இன்னொரு தரம் இழுத்தாள். என் விரல்களைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள். என் முன்னால் குந்தினாள்.

"அம்மா," என்றாள் மெதுவாக. "விடுங்கோ."

விட்டேன். அவள் அங்கேயே இருந்து, முழுப் போத்தலையும் குடித்தாள்.